திரையில் வில்லி, நேரிலுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்திருந்த தொலைக்காட்சி நடிகையை, தொடரில் கொடுமைக்கார மாமியாராக நடிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, பெண்கள் சிலர் "நீயெல்லாம் வெளங்குவியா?" என்று முகத்துக்கு நேரே ஏசினார்கள். கையெழுத்து வாங்க நோட்டை நீட்டிய சிறுமியை அவளுடைய ஆச்சி கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த நடிகையின் முகம் வாடியதை அருகில் நின்று பார்த்தேன், மனம் பொறுக்கவில்லை.

எம்.ஜி.ஆர். படங்களில் வில்லனாக வந்த எம்.என். நம்பியாரைக் கண்டு நடுங்கிய தலைமுறை எங்களுடையது. 2008-இல் மறைந்த அவர், நேரில் மதுவையும் இறைச்சியையும் தொடாதவர் என்பதையும், ஆண்டுதோறும் மாலையணிந்து சபரிமலைக்குச் சென்று குருசாமியாக மதிக்கப்பட்டவர் என்பதையும் பெரியவர்கள் அறிவார்கள். படப்பிடிப்பில் உடன் பணிபுரிபவரிடம் ஒருவர் தவறாக நடந்திருந்தால், அவர் திரையில் எவ்வளவு நல்லவராக வந்தாலும், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால், எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசியதற்காக ஒருவரைத் தெருவில் வைத்து ஏசுவது எந்த வகையில் நியாயம்?

அந்த ஆச்சியிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த முறை பேத்தியைக் கையெழுத்து வாங்க விடுங்கள்.

வாசகி, பாளையங்கோட்டை