மார்ச்சில் அல்ல, மழையில் அனுப்புங்கள்

பேரிடர் மேலாண்மை, சுற்றுச்சூழல் அபாய மேலாண்மை முதுநிலைப் படிப்புகளை நடத்தும் தமிழகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் குளங்களைக் கவனிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வேட்டுக்காக உங்கள் மாணவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் வருவது மார்ச்சில். தண்ணீர் வற்றி, குளத்துக்குள் ஆடு மேயும் நேரத்தில் கரைமேல் நின்றுகொண்டு, “வெள்ளத்தின்போது இங்கே என்ன நடக்கும் ஐயா?” என்று கேட்கிறார்கள்.

பிழை அவர்களுடையது அல்ல, உங்கள் நாட்காட்டியுடையது. பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில் வருகிறது. களப்பணியும் ஆய்வேடும் ஜனவரிக்குப் பிறகு. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவதோ வடகிழக்குப் பருவமழை. சென்னை வெள்ளம் 2015 டிசம்பர், ஒக்கி 2017 நவம்பர் இறுதி, கஜா 2018 நவம்பர் 16, தென்மாவட்ட வெள்ளம் 2023 டிசம்பர். பருவம் பார்த்து வராத சுனாமிகூட இங்கே டிசம்பரில்தான் வந்தது! அந்த நாட்களில் உங்கள் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கனமழை என்றால் ஆட்சியர் கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறார். பேரிடர் மேலாண்மை படிப்பவருக்கும் சேர்த்துத்தான் அந்த விடுமுறை.

மார்ச்சில் பார்க்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். பழைய குளங்களின் மறுகாலில், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழியில், வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். அவற்றின் இடையே பலகையோ மண்ணோ வைத்து அடைத்தால் குளத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் விளையும் பிசான நெல்லின் கடைசி நனைப்பு அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும். வெள்ளம் திரண்டு வரும்போது அடைப்பை எடுத்தாக வேண்டும். எடுத்தால் தண்ணீர் தங்கள் பக்கம் பாய்கிறதென்று கீழூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எடுக்காவிட்டால் கரை தாங்காது. அந்தக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களோ, “விடிந்தால் மழை வெறித்துவிடும், கை வைக்காதே” என்பார்கள். கொட்டும் மழையில், நள்ளிரவில், கடப்பாறையோடு நிற்பவனிடம் யார் உத்தரவு கொடுப்பது? அபாய மதிப்பீட்டுக்கு எத்தனை அட்டவணை போட்டாலும், முடிவு அந்த இடத்தில், அந்த வாக்குவாதத்தில்தான் எடுக்கப்படுகிறது.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. குளங்கள் பல உடைந்தன. மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரே கீழ்க்குளத்தின் கரையையும் சாய்த்துவிடும். நீர் பரவிய பரப்பைச் செயற்கைக்கோள் படம் காட்டும். எது முதலில் உடைந்தது, எது தானாக உடைந்தது, எதை வெட்டிவிட்டார்கள் என்பதை ஊர்தான் சொல்லும்; அதுவும் ஈரம் காயும் முன் கேட்டால். நிவாரணப் பட்டியலும் புகாரும் வந்தபின் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

எனவே என் கோரிக்கை இது. முதுநிலை இரண்டாம் ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வகுப்பும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். மாணவர்களை வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் நீர்வளத் துறைப் பிரிவுகளிலும் அமர்த்துங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் உதவி எண்ணான 1077-க்கு வரும் அழைப்புகளை ஓர் இரவு முழுவதும் எழுதட்டும். “மாரியம்மன் கோயில் பின்னாடி, இடுப்பளவு தண்ணீர்” என்று சொல்பவருக்கு அட்சரேகை தெரியாது. அந்தத் தெருவைக் கண்டுபிடிக்கத் தலையாரியின் கைப்பேசி எண்தான் வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. மீட்புப் படகில் ஏற்றச் சொல்லவில்லை. காப்பீடு எடுங்கள், தனியாக அனுப்பாதீர்கள், நீரில் இறங்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாட்காட்டிதான் என்ற பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இளநிலை வேளாண் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்க ஒரு பருவத்தில் தனி ஏற்பாடே இருக்கிறது. நாற்றங்காலுக்குக் கிடைத்த சலுகை வெள்ளத்துக்கும் கிடைக்கலாமே.

பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதங்கள் ஆகஸ்டிலேயே கையெழுத்தாக வேண்டும். அதற்கேற்ப, வரும் கல்வியாண்டுக்கான நாட்காட்டி அச்சுக்குப் போகும் முன்பே இதை உங்கள் குழுவின் கூட்டத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பணியாளர் ஒருவர்