துரு தட்டும் கைகளுக்கு நன்றி

ஃபாலிரோ, ஹூஸ்டன், யோக்கோசுகா ஊர்களில் பழைய போர்க்கப்பல்களைக் காத்துவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். 1979-இல் ஐந்தாம் இன்ஜினியராகக் கப்பல் ஏறி, 2015-இல் சீஃப் இன்ஜினியராகக் கரை இறங்கினேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த மடல் இது. என் முகம் உங்களில் யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் முகங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

முதலில் ஒரு துக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் ஏன் இவ்வளவு நெகிழ்கிறேன் என்று புரியும். 1998-இல், நான் பல வருஷம் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஒன்றை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதைக் குஜராத்தின் ஆலங் கடற்கரையில் கொண்டுபோய் ஏற்றும் கடைசி ஓட்டத்தில் இன்ஜின் ரூமில் நான்தான் நின்றேன். அமாவாசை ஓதம் நன்றாக ஏறியிருந்த நேரம். முழு வேகத்தில் முன்னே போகச் சொல்லி மேலேயிருந்து மணி வந்தது. பத்திரமாகக் கரை சேர்க்க வேண்டிய கப்பலை வேகமாகக் கரையில் மோதவிடுவது எப்படி இருக்கும் என்று எங்கள் தொழில்காரர்களுக்குத்தான் தெரியும். அடிவயிறு சேற்றில் உரசியது உள்ளங்கால் வழியாக ஏறிவந்தது. இன்ஜினை நிறுத்தினேன். பிறகு ஜெனரேட்டரையும் நிறுத்தினேன். அதுவரை அந்தக் கப்பலுக்குள் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. கயிற்றேணியில் இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்து வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பல் என்றால் கடைசியில் இதுதான் கதி என்று நம்பியிருந்தவன் நான். 2006-இல் எங்கள் கப்பல் கிரீஸ் நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் மூன்று நாள் நின்றது. ஏஜென்ட் ஆபீசிலிருந்து வந்த பெரியவரிடம், பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பதில் சொல்லாமல் தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஃபாலிரோவில், அவெரோஃப் என்ற பழைய கிரேக்கப் போர்க்கப்பலின் முன்னால் இறக்கிவிட்டார். அந்தப் பெரியவருக்கு என் முதல் நன்றி.

மேல்தளத்தில் ஓர் இளைஞர் பித்தளைக் கைப்பிடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டாயப் படைச் சேவைக்கு வந்த பையன். பார்த்தால் இருபது வயதுகூடத் தாண்டியிராது. இத்தனை வருஷத் தேய்ப்பில் கைப்பிடியின் விளிம்பெல்லாம் மழுங்கி, பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. நான் கப்பல்காரன் என்று தெரிந்ததும் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் என்னோடு நடந்தார்.

தம்பி, அன்று நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். 1910-இல் இத்தாலியின் லிவோர்னோவில் கடலில் இறங்கிய கப்பல். விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வணிகம் செய்து வாழ்ந்த யோர்கோஸ் அவெரோஃப் என்ற கிரேக்கர் தன் உயிலில் எழுதிவைத்த பணம். உடல் இத்தாலி, பீரங்கி பிரிட்டன், கொதிகலன் பிரான்ஸ். 1912 டிசம்பரில் துருக்கியின் ஒட்டோமான் கடற்படையோடு எல்லிக் கடற்போர் நடந்தபோது கூட வந்த மூன்று பழைய கப்பல்களால் வேகம் பிடிக்க முடியவில்லை. தளபதி குந்துரியோட்டிஸ், தான் தனியே போவதாகக் கொடி காட்டிவிட்டு, அவெரோஃபை இருபது நாட் (மணிக்கு இருபது கடல் மைல்) வேகத்தில் விரட்டி ஒட்டோமான் கப்பல்களின் முன்னால் குறுக்கே பாய்ந்தார். அதற்குப் பிறகுதான் மாலுமிகள் இதை 'அதிர்ஷ்டக்கார ஜார்ஜ் மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம்.

ஆனால் நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னது 1941 ஏப்ரல் கதையை. ஜெர்மானியர் நெருங்கிவிட்டார்கள், கப்பலை மூழ்கடித்துவிடச் சொல்லி உத்தரவு. மாலுமிகள் கீழ்ப்படியவில்லை. துறைமுக வாயில் தடுப்பை அறுத்துக்கொண்டு கப்பலைக் கிரீட் தீவுக்கும் அங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கும் ஓட்டிப்போனார்கள். உத்தரவை மீறுவது கப்பலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்த எனக்கு அதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. ஆலங்கில் எனக்கு வந்த மணியும் நினைவுக்கு வந்தது.

அதற்கடுத்துச் சாதாரணமாக ஒன்று சொன்னீர்கள்: "அங்கிருந்து பம்பாய் போனது." நான் நின்றுவிட்டேன். 1941-இன் பிற்பகுதியிலிருந்து 1942 முடியும்வரை அவெரோஃப் பம்பாயைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போயிருக்கிறது. நான் முதன்முதல் கப்பல் ஏறிய ஊர் அதுதான். பம்பாய் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்டீர்கள். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை.

கவச குரூசர் (கவசத் தகடு போர்த்திய வேகப் போர்க்கப்பல்) வகையில் உலகத்திலேயே மிஞ்சியது இந்த ஒன்றுதான். 1952-இல் பணி முடிந்து, போரோஸ் தீவருகே பல வருஷம் ஓரமாகக் கிடந்து, 1984-க்குப் பிறகு பழுதுபார்க்கப்பட்டது. இன்றைக்கும் கிரேக்கக் கடற்படைக் கப்பல்கள் ஃபாலிரோ விரிகுடாவில் அதைக் கடக்கும்போது மாலுமிகள் வரிசையாக நின்று மரியாதை செய்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு கப்பலுக்கு இதைவிட என்ன வேண்டும்!

அடுத்த நன்றி, டெக்சாஸ் போர்க்கப்பலின் இன்ஜின் ரூமில் என்னைக் கைபிடித்து இறக்கிய தொண்டருக்கு. ஐயா, 2017-இல் ஹூஸ்டனில் இருக்கும் மகளைப் பார்க்க வந்தபோது அங்கே வந்தேன். என் முழங்கால் சரியில்லை. நீங்கள் என்னைவிட மூத்தவர். ஆனாலும் ஏணியில் எனக்கு முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியிலும் உங்கள் தோளைக் கொடுத்தீர்கள். நீராவியில் ஓடும் பழைய பிஸ்டன் இன்ஜினை நான் படிப்பில் வரைந்திருக்கிறேன், தொட்டதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் இன்ஜின் ஓடும்போதே, மேலும் கீழும் சுழன்றுவரும் கிராங்க் பேரிங்கை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளங்கையால் தட்டிச் சூடு பார்ப்பார்கள் என்று சொல்லி, என் கையை எடுத்து அந்த இரும்பின்மேல் வைத்தீர்கள். குளிர்ந்து கிடந்தது. எண்ணெய்க் குவளையின் மூடியைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே புது எண்ணெய். ஓடவே போகாத இன்ஜினுக்கு யாரோ எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அன்று என் கையில் பட்ட எண்ணெயைத் துடைக்க மனமில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

1914-இல் பணிக்கு வந்து, இரண்டு உலகப் போரையும் பார்த்த கப்பல் அது. முதல் உலகப் போர்க்கால டிரெட்நாட் (பெரிய பீரங்கிகள் பல தாங்கிய போர்க்கப்பல்) வகைக் கப்பல்களில் மிஞ்சியது அதுவே. 1944 ஜூனில் நார்மண்டிக் கரைக்கு அப்பால், பீரங்கியை அதற்குமேல் நிமிர்த்த முடியாமல் குண்டு எட்டாமல் போனபோது, வலப்பக்க வெளியறைக்குள் வேண்டுமென்றே கடல்நீரை விட்டுக் கப்பலையே சாய்த்துச் சுட்டார்கள். இன்ஜின் ரூம் புத்தி என்றால் அதுதான். 1948-இல் அதைக் காக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடுத்த சில்லறைக் காசும் சேர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

ரிவெட் ஆணி அடித்த பழைய உடம்பு, தண்ணீர் கசிந்துகொண்டேயிருந்தது. பம்புகள் நிற்கக் கூடாத நிலை. 2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைப்படகுகள் அதை கால்வெஸ்டன் டிரை டாக்குக்கு (கப்பலை நீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் தளம்) இழுத்துப் போனதை என் மகள் கரையில் நின்று வீடியோ காலில் காட்டினாள். இங்கே மாலை நேரம். வீட்டில் யாரும் பேசவில்லை. கப்பல் டாக்குக்குள் ஏறிவிட்டது என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பணம் ஒதுக்கிய டெக்சாஸ் சட்டமன்றத்துக்கும், அடித்தகடுகளை வெட்டி மாற்றிய வெல்டர்களுக்கும் என் கும்பிடு.

யோக்கோசுகா நண்பர்களே, 2009-இல் ஜப்பானில் உங்கள் மிகாசா போர்க்கப்பலைப் பார்த்தபோது நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீரில் மிதக்காமல் கான்கிரீட்டில் பதிந்து நிற்கிறதே என்று. பிறகுதான் அது பட்ட பாடு தெரிந்தது. 1905-இல் ரஷ்யாவோடு நடந்த சுஷிமாப் போரில் ஜப்பானிய அட்மிரல் டோகோவின் கொடிக்கப்பலாக வென்று வந்து, அதே வருஷம் செப்டம்பரில் துறைமுகத்திலேயே வெடிமருந்து வெடித்து மூழ்கி, மீட்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பீரங்கியும் பாய்மரக் கம்பமும் போய், மேலே நடன அரங்கு நடந்தது. அப்போது 1955-இல் ஜான் ரூபின் என்ற வணிகர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பலரைத் தட்டி எழுப்பியது. டோகோவை இளம் வயதில் நேரில் சந்தித்திருந்த அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸும் தோள்கொடுத்தார். தோற்ற நாட்டின் கப்பலுக்கு வென்ற நாட்டுத் தளபதி! அப்போது ஜப்பானில் உடைபட்டுக்கொண்டிருந்த சிலி நாட்டுக் கப்பல் அல்மிராந்தே லத்தோரேயின் பாகங்கள் மிகாசாவுக்கு வந்தன. 1961-இல் மறுபடி திறந்தார்கள். உடைபட்ட கப்பல் இன்னொரு கப்பலில் வாழ்கிறது என்பது என் ஆலங் துக்கத்துக்கு ஓரளவு மருந்தானது.

நேரில் பார்க்காத கப்பல்களின் காவலர்களுக்கும் நன்றி உண்டு. இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில் மூழ்கிய ரஷ்யக் கப்பல் அவ்ரோராவை 1944-இல் தூக்கியெடுத்தவர்களுக்கும், முதல் உலகப் போரின் ஜட்லாந்துக் கடற்போரில் மோதிய ஏறக்குறைய 250 கப்பல்களில் மிஞ்சிய பிரிட்டிஷ் கப்பல் கரோலைனைப் பெல்ஃபாஸ்டில் காத்தவர்களுக்கும்.

எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் கப்பல் இருந்தது. 1906-இல் வ.உ.சி. பங்கு திரட்டி சுதேசிக் கம்பெனி தொடங்கி, காலியோ, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். மிகாசாவின் வயதையொத்த கதை. துறைமுகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்தக் கப்பல்களின் ஒரு ரிவெட்டையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. இதுவரை கண்ணில் பட்டதில்லை. மும்பையில் காட்சிக்கு நின்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தும் 2014-இல் உடைக்கப் போய்விட்டது. அதனால்தான் உங்கள் கப்பல்களை என் கப்பல்களாக நினைத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஃபாலிரோத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இப்போது நாற்பது வயது ஆகியிருக்கும். பம்பாய் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, 1980-இல் பல்லார்ட் பியரில் நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பெட்டியில் கிடைத்தது. உங்கள் விலாசம் தெரியாததால் அவெரோஃப் கப்பலின் பெயருக்கே தபாலில் அனுப்பியிருக்கிறேன். கப்பல்கள் கட்டி நின்ற பக்கத்தைப் படத்தின் பின்னால் பென்சிலில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி