சுவர் ஏறாத ரோபோட்: பிரஷ்ஷை மாத்துங்க, இல்ல காசைத் திருப்பிக் கொடுங்க

வணக்கம் சார்,

சுங்கை சிப்புட்லருந்து எழுதுறேன். எங்க ஹோம்ஸ்டே நீச்சல் குளத்துக்குன்னு உங்க கம்பெனியில ரோபோட் வாங்கினோம், அடியையும் கூட்டும் சுவரும் ஏறும்னு உங்க சேல்ஸ் தம்பி வீடியோ போட்டுக் காமிச்சாரு. வாங்குறதுக்கு முந்தியே வாட்ஸப்புல குளத்து போட்டோ அனுப்பிச்சேன், முழுக்க வழவழன்னு மொசைக் டைல்ஸ், "ஓகே லா அக்கா, எல்லா குளத்துக்கும் ஆகும்"னு பதில் வந்துச்சு, அந்த மெசேஜ் இன்னும் போன்ல இருக்கு.

அடியில நல்லா ஓடுது, அதுல குறை சொல்ல மாட்டேன். சுவர்கிட்ட போனா மூக்கைத் தூக்கி ஒரு முழம் ஏறும், அங்கயே பிரஷ் சும்மா சுத்திக்கிட்டு நிக்கும், அப்புறம் சர்ருன்னு வழுக்கி மல்லாந்துரும். தண்ணி மட்டத்துல சன்ஸ்கிரீன் எண்ணெய் அழுக்கு கோடு கோடா அப்படியே இருக்கு, எங்க வீட்டுக்காரர்தான் இறங்கித் தேய்க்கிறாரு. அப்புறம் எதுக்கு சார் ரோபோட்டு?

உங்க டெக்னீசியன் வந்து தண்ணி சரியில்லன்னுட்டுப் போயிட்டாரு. அவர் முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் காமிச்சேன், பிஎச் 7.4, குளோரின் 2 பிபிஎம், இதுக்கு மேல என்ன வேணும்? ஃபில்டர் அடைச்சா இழுவை குறைஞ்சு சுவர் ஏறாதுன்னும் தெரியும், இங்க செம்பனை லோரி கிளப்புற செம்மண் தூசி, பிப்ரவரி மார்ச்ல ரப்பர் மரம் வேற இலை கொட்டும், அதனால ஒவ்வொரு வாட்டியும் ஃபில்டர் கூடையைக் கழட்டி அலசிட்டுத்தான் போடுறேன். கோளாறு பிரஷ்லதான். நீங்க கொடுத்தது பிவிசி பிரஷ், சொரசொரப்பான சிமெண்ட் சுவருக்குத்தான் அது பிடிக்கும், வழுக்குற டைல்ஸுக்கு பிவிஏன்னு ஸ்பாஞ்சு மாதிரி ஒண்ணு இருக்கு, அதைப் போடணும். குளத்து சாமான் விக்கிறவங்களுக்கு இது தெரியாதா? இப்ப அதுக்குத் தனியா காசு கேக்குறீங்க, பிரஷ் தேயுற சாமானாம், வாரண்டி கிடையாதாம். தேஞ்சதுக்கா சார் நான் கேக்குறேன்? போட்டோவைப் பாத்துட்டே தப்பான சாமானைக் கொடுத்திருக்கீங்க.

பிவிஏ பிரஷ் செட்டை காசில்லாம மாத்திக் கொடுத்து, சுவர் ஏறுறதை என் கண்ணு முன்னாடி காமிச்சிட்டுப் போகணும், இல்லன்னா முழுக் காசும் வேணும். ரெண்டு வாரத்துல பதில் வரலைன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல போட்டுருவேன், ஃபீஸ் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயரும் வேணாம். ரசீது, வாட்ஸப் மெசேஜ், வழுக்கி விழுற வீடியோ எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன்.

ஸ்கூல் லீவுக்கு ஆளுங்க புக் பண்ணிட்டாங்க, அதுக்கு முந்தி ஆளை அனுப்புங்க, வர்றதுக்கு முன்னாடி போன் அடிக்கச் சொல்லுங்க, காலையில நான் பசார்ல இருப்பேன்.