தெரு மரங்கள்: ஞாயிறு காலை வேலை

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு நம் தெரு மரங்களைக் கவனிக்கப் போகிறோம். பிள்ளையார் கோயில் முனையில் நிற்கும் புங்கமரத்தைப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை, வேருக்குக் காற்றும் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களை என்ன பாடு படுத்தியது என்று தெரியும்; வேர் ஓட இடமில்லாத மரம் காற்றுக்குச் சட்டென்று சாய்ந்துவிடும். சுற்றிலும் மூன்றடிக்காவது மண் தெரிய வேண்டும். மாநகராட்சியில் சொல்லியாகிவிட்டது.

அப்புறம் ஆணிகள். டியூஷன், வாடகைக்கு வீடு என்று அடித்த பலகைகள் போய்விட்டன, துருப்பிடித்த ஆணி மட்டும் பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. மெதுவாகத்தான் பிடுங்க வேண்டும். குறடு, கடப்பாரை இருப்பவர்கள் எடுத்து வரவும். கிளை வெட்ட யாரும் ஆள் கூட்டி வர வேண்டாம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். காபி எங்கள் வீட்டில்.