மூன்றரைக் கட்டை எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கோடை விடுமுறை வகுப்புகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீச்சல், செஸ், ஓவியம் எல்லாம் சரி, ஆனால் ஒரே மாதத்தில் பியானோ, கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு வரி வந்திருந்ததே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் கட்டைக் கணக்கை மட்டும் வெட்ட வேண்டாம், அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

நான் இசைக்காரி இல்லை. அரசு அலுவலகத்தில் 33 வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்த கை, இத்தனை வருடம் தட்டின விரல், பியானோ என்ன பெரிய கம்பசூத்திரமா என்ற நினைப்பில்தான் ஓய்வு பெற்ற மறுவருடமே ஒரு கோடை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எந்த வகுப்பு என்பது இங்கே வேண்டாம். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நானும் உட்கார்ந்தேன். கட்டைகள் மேல் எழுத்து போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, எதிரே ஒரு தாளில் அதே எழுத்துகள், அதைப் பார்த்து இதை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். மாதக் கடைசியில் வலது கையால் நான்கு பாட்டு வாசித்தேன், கைதட்டினார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். அக்னி நட்சத்திரத்தில் விரல் வியர்வைக்கு வீட்டுக் கீபோர்டின் ஸ்டிக்கர் ஒவ்வொன்றாகப் பிய்ந்துகொண்டு வந்தது. ஸ்டிக்கரோடு பாட்டும் போய்விட்டது.

அதற்கு முன்பே ஒரு சங்கடம் நடந்திருந்தது. பேத்தி கூடவே பாடிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, ரொம்பக் கீழ இருக்கு, கொஞ்சம் மேல வாசிங்க" என்றாள். எனக்கு அந்த எழுத்துகளை விட்டால் வேறு வழி தெரியாது. கீபோர்டில் மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, அதை அமுக்கிச் சமாளித்தேன். அவளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தலாக இருந்தது, நான் என்ன வாசிக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லையே என்று.

அப்புறம்தான் இப்போதைய டீச்சரிடம் போனேன். என் மகளை விடச் சின்னவள். வீட்டில் நிஜப் பியானோ, பெட்டி மாதிரி சுவரோரம் நிற்கும் வகை, 88 கட்டை. முதல் நாள் பாட்டு எதுவும் இல்லை. "இதுக்கு முன்னாடி என்ன இசை தெரியும்மா?" என்று கேட்டாள். சின்ன வயதில் இரண்டு வருடம் பாட்டு வகுப்பு, சரளி வரிசை, ஜண்டை வரிசை, அதோடு நின்றுவிட்டது என்றேன். "உங்க சுருதி என்ன?" ஐந்தரைக் கட்டை என்றேன். அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு கறுப்புக் கட்டை மேல் வைத்து அமுக்கினாள். "இதுதாம்மா உங்க ஐந்தரை."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. கட்டை கட்டை என்று நாம் சொல்கிறோமே, எட்டுக்கட்டைக் குரல் என்று வியக்கிறோமே, அது இந்தக் கட்டைதான் என்று ஐம்பது வருடமாக எனக்கு உறைக்கவே இல்லை. மேற்கத்திய இசையில் சி என்கிறார்களே, அது ஒன்றாம் கட்டை. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையில் இருக்கும் கறுப்பெல்லாம் அரை. ஒன்றரை, இரண்டரை என்று நானே விரல் வைத்து எண்ணிக்கொண்டு போய் மூன்றுக்கு அப்புறம் முட்டிக்கொண்டேன். மூன்றரைக் கட்டை எங்கே? இல்லை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே கிடையாது. அதே மாதிரி ஏழரையும் கிடையாது. ஏழரை எனக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது, இங்கேயும் வேண்டாம் என்றேன், டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த இரண்டு இடைவெளிதான் பாதி தியரி, அதாவது இசை இலக்கணம். ஒன்றாம் கட்டையில் ஆரம்பித்து வெள்ளையை மட்டும் வரிசையாக வாசித்தால் நமக்குச் சங்கராபரண ராகம், மேற்கத்தியருக்கு சி மேஜர். ஸ, ரி, க ஒன்றுக்கொன்று முழு இடைவெளி. கவும் மவும் ஒட்டி நிற்கும், அதுதான் மூன்றும் நாலும். பிறகு முழுசு, நியும் மேல் ஸவும் மறுபடி ஒட்டும், அதுதான் ஏழும் அடுத்த ஒன்றும். இப்போது ஸவை நாலாம் கட்டைக்கு, அதாவது எஃபுக்கு, மாற்றுங்கள். நாலு, ஐந்து, ஆறு. கவுக்கு அடுத்த ம ஒட்டி நிற்க வேண்டுமே, ஏழாம் கட்டை எட்டத்தில் இருக்கிறது, ஆகவே ஆறரை. அந்த ஆறரைதான் பி ஃப்ளாட், அதாவது பியிலிருந்து அரைப்படி கீழே. எஃப் மேஜருக்கு ஒரு ஃப்ளாட் என்று தியரிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, அதன் காரணம் இவ்வளவுதான். ஐந்தில் ஆரம்பித்தால் இதே கணக்குப்படி நான்குக்குப் பதில் நாலரை வரும், ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப், அதாவது அரைப்படி மேலே. ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மேஜர் கார்டு, நடுவில் இருக்கும் கவை மட்டும் அரைப்படி இறக்கினால் மைனர். பேத்தி கேட்ட 'கொஞ்சம் மேல' என்பதற்கும் பட்டன் தேவையில்லை, இந்தக் கணக்கு போதும்.

இனி விரல் விஷயம். இதையும் தியரியையும் தனித்தனியாக நடத்துவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

தட்டச்சில் கட்டைவிரலுக்கு ஒரே வேலை, இடைவெளி விடுவது. பியானோவில் விரல்களுக்கு எண் போடும்போது அதற்குத்தான் ஒன்று, சுண்டுவிரலுக்கு ஐந்து, இரண்டு கையிலும். சி மேஜரில் வலது கை 1, 2, 3 வாசித்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து நாலாவது ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து 1, 2, 3, 4, 5. எட்டு ஸ்வரத்துக்கு ஐந்து விரல் பற்றாதே, அதற்காகத்தான் இந்தக் கள்ளத்தனம். மூன்றாம் விரல் கட்டையில் இருக்கும்போதே கட்டைவிரல் அடியில் நகர்ந்து தயாராக நிற்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கடைசி நொடியில் முழங்கையைத் தூக்கிக் கட்டைவிரலைத் தொப்பென்று போடுவேன், நாலாவது ஸ்வரம் மட்டும் கதவைச் சாத்தின மாதிரி கேட்கும். இது சரியாவதற்கு ஏழு வாரம் ஆனது. இடது கையில் ஏறும்போது இதற்கு நேர்மாறு, சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை வந்ததும் நடுவிரல் அதன் மேலே தாண்ட வேண்டும்.

எஃப் மேஜருக்குப் போனபோது நான் அதே 1, 2, 3, 1 போட்டேன். கட்டைவிரல் நேராக ஆறரைக் கட்டையில், கறுப்பின் மேல் போய் ஏறிக்கொண்டது. குட்டையான விரல், உயரமான கட்டை, கை கோணிக்கொண்டு போனது. அதனால்தான் எஃப் மேஜரில் மட்டும் வலது கை 1, 2, 3, 4 வரை போய், கறுப்பை நாலாம் விரலில் வாங்கிக்கொண்டு, அடுத்த வெள்ளையில் கட்டைவிரலைப் போடுகிறது. ஆறரை ஏன் வந்தது என்று தெரிந்தவருக்கு விரல் ஏன் மாறுகிறது என்பதும் தெரிந்துவிடும். தெரியாதவர் புத்தகத்தில் போட்ட எண்ணைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான், ஸ்டிக்கருக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இன்னொன்று, விரலுக்குப் பலம் வேண்டும் என்று பிள்ளைகளைக் குத்தவிடுகிறார்கள். பியானோவில் ஒரு கட்டை இறங்க சுமார் 50 கிராம் எடை போதும். கட்டையை எவ்வளவு வேகமாக இறக்குகிறோமோ அவ்வளவு வேகத்தில் உள்ளே சுத்தியல் தந்தியை அடிக்கும், சத்தத்தின் அளவு அதில்தான் இருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இடது சுண்டுவிரல் அடிக்கும் ஆங்கில ஏ எழுத்து மட்டும் தாளில் வெளிறி விழும், அதற்கு நாங்கள் வாங்காத திட்டில்லை. அதே சுண்டுவிரல் பியானோவிலும் வெளிறித்தான் ஒலித்தது, வீட்டுக் கீபோர்டின் இலேசான பிளாஸ்டிக் கட்டையில் இத்தனை நாள் அது தெரியவே இல்லை. பலத்தைக் கூட்டப் போய் எனக்கு மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம். "தோளை விடுங்கம்மா, கை தானா இறங்கும்" என்று டீச்சர் இன்றைக்கும் வாரத்துக்கு நாலு தரமாவது சொல்கிறாள். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இளவயதிலேயே வலது கை விரல் கெட்டுப் பியானோ கலைஞராகும் ஆசையையே விட்டவர், அந்தக் கதையையும் அவள்தான் சொல்லிப் பயமுறுத்தினாள். வலித்தால் அன்றைக்கு அதோடு எழுந்துவிட வேண்டும்.

கேள்வி ஞானம் இருந்தால் தியரி எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இளையராஜாவுக்கு இல்லாத கேள்வி ஞானமா? அவரே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து மேற்கத்திய இசையைப் படித்தவர்தானே. இன்னொரு பக்கம் கிரேடு தேர்வு. எதிர்வீட்டுப் பையன் மூன்றாம் கிரேடு முடித்துவிட்டான், சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கொலு அன்றைக்கு ஏதாவது வாசி என்றால், "சிலபஸ் பீஸ் மட்டும்தான் தெரியும் பாட்டி" என்கிறான். பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன், வருடம் முழுக்க அந்த மூன்று உருப்படியைத்தானே தேய்த்தான். ஏபிஆர்எஸ்எம் என்கிற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வில் 6ஆம் கிரேடுக்குப் போக 5ஆம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ தேறியிருக்க வேண்டும் என்று விதி. நியாயமான விதிதான். நம் ஆட்கள் அதை என்ன செய்கிறார்கள் என்றால், ஐந்து வருடம் தியரிப் பக்கமே போகாமல் ஒரு மே மாத விடுமுறையில் மொத்தத்தையும் கரைத்துப் புகட்டுகிறார்கள், கணக்குப் பரீட்சைக்குச் சூத்திரம் உருப்போடுகிற மாதிரி.

நமக்கு இது அந்நியமான சரக்கே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களில் டோ, ரே, மி என்று ஸ்வரம் சொல்லும் டோனிக் சோல்ஃபா முறையை வைத்து நாலு குரலில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், டோவை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். பாட்டு வகுப்புக்குப் போன பெண்களுக்கு ஸ மாறும் என்பது தெரியும், மூன்று காலத்தில் சரளி பாடியவருக்கு தாள வேகம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி புதிதில்லை. நாலரையில் ஆரம்பித்து ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகன ராகம் வந்து நிற்கிறது, எந்தக் குழந்தையும் முதல் நாளே வாசித்துவிடும். (ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது, பியானோ அதற்குப் பிறந்ததில்லை, அதை விடுங்கள்.) இத்தனை இருந்தும் தியரி என்றால் என் கைக்குக் கிடைத்த புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பிதழில் குறுக்கெழுத்துக்குக் கீழே அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு ஸ்வர வரிசை, எந்தக் கட்டையில் ஆரம்பம், எங்கே அரைக்கட்டை, எந்த விரல், அது ஏன் அந்த விரல். கட்டையையும் ஸ்வரத்தையும் வைத்தே எழுதலாம், தெரிந்த ஆசிரியர்கள் எழுதித் தருவார்கள். கோடை வகுப்புகளைப் பற்றி அடுத்த வருடம் எழுதும்போது, அங்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்து எழுதுங்கள்.

பேத்தி இப்போது நாலரைக் கட்டையில் பாட வேண்டும் என்கிறாள். எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். பயப்பட வேண்டாம், நீளமான விரல்கள் கறுப்பில் விழும், கட்டைவிரல் வெள்ளையில் விழும், கைக்கு அதுதான் சுகம், பியானோ மேதை ஷோபானே (Chopin) தன் மாணவர்களை சி மேஜரில் ஆரம்பிக்கவிடவில்லை என்று டீச்சர் தைரியம் சொல்கிறாள். கைக்குச் சுகமாக இருக்கலாம், தலைக்கு இல்லை. ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
பாளையங்கோட்டை.