எழுதிக் கொடுங்கள்: பினாங்குக் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தனியார் கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கும், அவர்களைப் பதிவு செய்யும் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கும்,

வணக்கம்.

நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்கள் பிராணிக்கு என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு எவ்வளவு ஆகும், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். நாங்கள் கேட்டு வாங்கும்படி வைக்காமல் நீங்களே கொடுங்கள். வாயால் கேட்டுப் பார்த்தவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். "டாக்டர் பிஸி, அப்புறம் போன் பண்ணுங்க" என்று கவுண்டரில் சொல்லக் கேட்டுத் திரும்பியவர்கள் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அண்மையில் நடந்ததற்குப் பிறகு எனக்கு வாயால் கேட்பதில் நம்பிக்கை போய்விட்டது.

ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் ஒடுங்கியது, படிகமோ சளிக்கட்டியோ அதில் போய் நின்றுவிட்டால் மூத்திரப்பை இறுகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இரண்டு மூன்று நாளுக்குள் உயிரே போய்விடும். பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. என் அம்மா அப்படி விடவில்லை. எங்கள் பூனை கருப்பன் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்ததையும், அடிவயிற்றில் கை பட்டதும் கத்தியதையும் கவனித்து, அன்று மாலையே கூடையில் வைத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். நான் தீவில் உள்ள பாயான் லெப்பாசில் இரவு ஷிப்டில் இருந்தேன். பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், அம்மா தனியாகத்தான் போனார்.

அங்கே அவரிடம் ஒரு பாரத்தை (படிவத்தை) நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுக்க ஆங்கிலம். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் வாசிப்பார், மலாய் வாசிப்பார். அந்தப் பாரத்தில் மயக்க மருந்து, ஆபத்து, செலவுக்குப் பொறுப்பு என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. எதையும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "முதலில் டெபாசிட் கட்டுங்க, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று பதில். கையில் இருந்த 800 வெள்ளி (ரிங்கிட்) முழுவதையும் கட்டினார். பூனையைத் திரும்ப எடுக்கப் போனபோது பில் 1,900 வெள்ளியைத் தாண்டியிருந்தது. அந்த பில்லில் 'சிகிச்சை' என்று ஒரே வரி. குழாய் போட்டதற்கு எவ்வளவு, டிரிப் ஏற்றியதற்கு எவ்வளவு, ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. மீதிப் பணம் இல்லையென்று தயங்கி நின்ற என் அம்மாவிடம் கவுண்டரில் இருந்தவர் சொன்ன வார்த்தை இது: "முடியாதவங்க ஏன் பூனை வளர்க்கிறீங்க?"

அம்மா பதில் பேசவில்லை. அடகுக் கடைக்குப் போய்விட்டு வந்து கட்டினார்.

பணத்தைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. குழாய் போடுவதற்கும், ஆள் வைத்து இரவு முழுக்கப் பார்த்துக்கொள்வதற்கும், ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்கும் செலவு உண்டு. நீங்கள் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தொகையை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அம்மா என்னைக் கூப்பிட்டிருப்பார். நானும் தம்பியும் சேர்ந்து ஏற்பாடு செய்திருப்போம். அந்த வார்த்தையை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை.

பணத்தைவிடப் பெரியது அடுத்து நடந்தது. பூனையோடு சேர்த்து அம்மாவின் கையில் இரண்டு வெள்ளைப் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் 'பாதி, காலை, இரவு' என்று பேனாவால் எழுதியிருந்தது, மற்றதில் 'ஒன்று, இரவு'. மருந்தின் பெயர் இரண்டிலும் இல்லை. இந்த அடைப்பு திரும்பவும் வரக்கூடியது, முதல் சில வாரம் கவனமாகப் பாருங்கள், தண்ணீர் அதிகம் குடிக்க வையுங்கள், உணவை மாற்றுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சில நாளில் கருப்பனுக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. அன்று பொது விடுமுறை. அந்தக் கிளினிக் மூடியிருந்தது, தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. பாலத்தைக் கடந்து தீவில் இருக்கும் இன்னொரு கிளினிக்குக்கு நானே கொண்டுபோனேன்.

அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து சாப்பிடுகிறது?" நான் பொட்டலங்களை நீட்டினேன். அவர் ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அது ஸ்டீராய்டாக இருந்தால் அதன்மேல் வீக்கம் குறைக்கும் வலி மருந்தைக் கொடுக்கக்கூடாது, குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஆகவே கொடுக்க நினைத்ததைக் கொடுக்காமல் வேறொன்றை வைத்துச் சமாளித்தார். அடுத்து, "போன முறை ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது?" என்றார். அந்த எண் தெரிந்தால்தான் சிறுநீரகம் தேறுகிறதா, இன்னும் மோசமாகிறதா என்று சொல்ல முடியுமாம். என்னிடம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், சோதித்தார்கள், அதற்கும் பணம் கட்டினோம். ஆனால் அந்தத் தாள் எங்கள் கைக்கு வரவே இல்லை. மறுபடியும் முன்காலை மழித்து, மறுபடியும் ஊசி குத்தி, மறுபடியும் முதலிலிருந்து. அந்த மருத்துவரை நாங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நிறுத்தியிருந்தோம். கருப்பன் மறுநாள் போய்விட்டது.

பெயர் எழுதியிருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் மருத்துவம் தெரிந்த ஒருவர், உதவ முழு மனதோடு நின்ற ஒருவர், ஒரு சீட்டு இல்லாத காரணத்தால் திணறியதை நான் நேரில் பார்த்தேன்.

எழுத நேரமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். எந்த ஊசி, எந்தத் தேதியில், அடுத்தது எப்போது, யார் போட்டது என்று எல்லாம் அதில் இருக்கிறது. குப்பியிலிருந்து உரித்த ஒட்டுச்சீட்டையும் அதில் ஒட்டித் தருகிறீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநோய் பரவியபோது இந்த அட்டை எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரு நாய்களைக் கொல்ல ஆணை வந்த அந்த நாள்களில், எங்கள் தெருவில் நாய் வளர்த்தவர்கள் அட்டையைச் சாமி மாடத்தில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். ஊசிக்கு எழுத முடிகிறதென்றால் மாத்திரைக்கும் எழுத முடியும்.

இந்த நாட்டில் கால்நடைக் கிளினிக்கில் மருந்தைத் தேர்வு செய்பவரும் நீங்களே, விற்பவரும் நீங்களே. இடையில் சரிபார்க்க ஒரு மருந்தாளர் இல்லை. வீட்டில் மனிதருக்கு வைத்திருக்கும் பனடோல் (பாராசிட்டமால்) ஒரு மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல; நாய்க்கு ஊற்றும் சில உண்ணி மருந்துகளும் பூனைக்கு விஷம். இவ்வளவு ஆபத்து இருக்கும்போது, பெயரில்லாத பொட்டலத்தை ஒரு வீட்டுக்குள் அனுப்புவது எப்படிச் சரியாகும்? மனிதர்களுக்கான தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையை வெளியே காட்ட வேண்டும் என்ற ஆணை 2025 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அம்மா பூனையைக் கொண்டுபோன கிளினிக்கில் விலையும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை.

சட்டம் எங்களிடம் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டப்படி ஒரு பிராணியைத் தேவையில்லாமல் துன்பப்பட வைத்தால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். நல்ல சட்டம், வரவேற்கிறோம். வலியில் கிடக்கும் பிராணியை உங்களிடம் கொண்டுவர வேண்டியது எங்கள் கடமை. அப்படிக் கடமையோடு வருகிறவரைக் கவுண்டரில் நிறுத்தி, ஏன் வளர்க்கிறீர்கள் என்று கேட்பது எந்த நியாயம்?

முறையிடலாம் என்றால் எங்கே போவது? பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பிறந்த ஊர் இது. விலையைக் கேட்பதற்கும் ரசீதை வாங்குவதற்கும் எங்கள் தலைமுறை வெட்கப்பட்டதில்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வேறொரு சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் தொழில்முறையாளர்களின் சேவையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. நீங்கள் 1974-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர்கள் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். கெட்டுப்போன பீரோவுக்கு ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் ஏறலாம். பூனையின் ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு அந்த வழி இல்லை. எங்களைப் போன்றவர்கள் எளிதாகத் தட்டக்கூடிய கதவு கால்நடை மருத்துவ மன்றத்தின் கதவுதான். அதனால்தான் இந்த மடலில் மன்றத்தையும் சேர்த்து அழைத்தேன்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நல்லவர்கள் பலர் என்று எனக்குத் தெரியும். நள்ளிரவில் கதவைத் திறக்கிறவர்கள், பணம் கட்டாமல் ஓடியவர்களின் நாயையும் கைவிடாதவர்கள், பார்வோ என்ற கொடிய நோய் வந்த நாய்க்குட்டியோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள். கத்துகிறவர்களையும் மிரட்டுகிறவர்களையும் நீங்கள் தினமும் தாங்குகிறீர்கள். முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்தச் சண்டைகளில் பாதி நடக்காது என்பது என் எண்ணம்.

அவசரத்தில் சரியான தொகையைச் சொல்ல முடியாது என்பீர்கள். உண்மை. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று எழுதுங்கள். அதைத் தாண்டப் போகிறதென்றால் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யுங்கள். உயிர் போகிற நேரத்தில் தாளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் உயிரைப் பாருங்கள், பிராணியின் நிலை கொஞ்சம் நிதானப்பட்டதும் எழுதுங்கள். பாரம் மலாயிலும் இருக்கட்டும். தமிழிலும் சீனத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. இந்த மாநிலத்தில் பிராணியோடு வருகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பொட்டலத்தில் மருந்தின் பெயர், அளவு, எதற்காக என்பது இருக்கட்டும். பரிசோதனை முடிவின் நகலைப் பில்லோடு கொடுத்துவிடுங்கள். வேறு மருத்துவரிடம் போகப்போகிறோமோ என்று சந்தேகப்பட வேண்டாம். போனாலும் அது எங்கள் பிராணியின் ரத்தம்.

மன்றத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தொழில் நடத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது இந்த மூன்றையும் கிளினிக்குகளுக்குக் கட்டாயமாக்குங்கள்: எழுத்தில் மதிப்பீடு, பெயர் எழுதிய மருந்து, பரிசோதனை நகல். மீறினால் யாரிடம், எந்த முகவரியில், எந்த மொழியில் புகார் செய்யலாம் என்று ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர்கள் ஏற்கெனவே இதைச் செய்கிறார்கள். தீவில் நான் பார்த்த அந்த இளம் மருத்துவர், கருப்பன் போன பிறகும், கொடுத்த மருந்துகளின் பெயர்களையும் பரிசோதனை எண்களையும் ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தார். அதை எல்லோரும் செய்யும்படி ஆக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதிலையும் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து,
ஒரு பூனை வீட்டின் மகள்