‘போர்டு போய்விட்டது’ என்றால் போனது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஐப்பசியில் ஓர் இரவு இடியும் காற்றுமாக மழை பெய்தபோது, எங்கள் தெருமுனை மின்கம்பத்தில், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்தது. சில நொடிகள் வீட்டு விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. பிறகு தெருவே இருண்டது. மறுநாள் காலையிலேயே மின் ஊழியர்கள் மழையில் நனைந்தபடி வந்து கம்பியைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வாஷிங் மெஷினும், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர்களின் வாஷிங் மெஷினும் இயங்கவில்லை. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு.

இரு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ் ஊழியர்தான் வந்தார். பிளக்கைச் செருகிப் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தவர், “போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்” என்றார். மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் சர்க்யூட் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். போர்டு, கூலி, வரி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். போர்டில் என்ன போயிருக்கிறது என்று கேட்டதற்கு, “மொத்த போர்டுதான் சார்” என்பதே பதில். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழுது எங்கே என்று தேட அவருக்குக் கற்றுத்தரவும் இல்லை, அதற்கான சர்க்யூட் வரைபடத்தைக் கையில் கொடுக்கவும் இல்லை. இரண்டு வீடு தள்ளியிருப்பவர்கள் பணத்தைக் கட்டினார்கள். அவர்களுடைய பழைய போர்டு சர்வீஸ் ஊழியரின் பையோடு போய்விட்டது.

நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் 26 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எங்கள் வீட்டு போர்டை நானே கழற்றிப் பார்த்தேன். நீர் புகாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, கண்ணாடி போன்ற பிசினை மேலே ஊற்றியிருந்தார்கள். ஹேர் டிரையரால் சூடாக்கி, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியதில், மின்சாரம் உள்ளே வரும் முனைக்கு அருகில், சட்டைப் பொத்தான் அளவுள்ள நீல நிற வில்லை ஒன்று தெரிந்தது. அதன் ஒரு பக்கம் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. மெக்கானிக்குகள் எம்.ஓ.வி. என்று சொல்லும் வேரிஸ்டர் அது. மல்டிமீட்டரை வைத்தபோது வேரிஸ்டர் ஷார்ட், அதாவது மின்சாரம் தடையின்றிப் பாயும் நிலை; அதற்கு முன்னாலிருந்த ஃப்யூஸ் ஓப்பன், அதாவது அறுந்த நிலை.

அன்றிரவு நடந்ததை அந்த இரண்டு உறுப்புகளே சொல்லிவிட்டன. மும்முனை மின்பாதையில் நியூட்ரல் அறுந்தால், சுமை குறைவாக உள்ள ஃபேஸில் இருக்கும் வீடுகளுக்கு 230 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 300 வோல்ட்டுக்கு மேலும் போகலாம். வேரிஸ்டர் வழக்கமான மின்னழுத்தத்தில் சும்மா இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் தன் வழியாகக் கடத்தும். அந்த மீறல் நீடித்தால், தானே ஷார்ட்டாகி, ஃப்யூஸைப் போகச்செய்து, பின்னாலிருக்கும் விலை உயர்ந்த பாகங்களைக் காப்பாற்றும். அதாவது, அந்த போர்டு கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகாமல் இருப்பதற்காகவே இரண்டு சிறு உறுப்புகள் தங்களைக் கொடுத்திருந்தன.

அவசரப்படாமல் மற்றவற்றையும் சோதித்தேன். டயோடுகள், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய ஃபில்டர் கன்டென்சர், பவர் சப்ளை ஐ.சி. எதிலும் ஷார்ட் இல்லை. புதிய வேரிஸ்டரையும் ஃப்யூஸையும் வைத்துச் சால்டர் செய்து, நேரடியாக மின்சாரம் கொடுக்காமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அது ஒரு முறை மின்னி அணைந்தது. மீட்டரில், போர்டின் உள்சுற்றுகளுக்குத் தேவையான 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியாக வந்தன. வாங்கிய பொருள்களுக்கு ஆன செலவு 40 ரூபாய். மெஷின் இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு ஃப்யூஸை மட்டும் மாற்றினாலும் மெஷின் ஓடும். சில கடைகளில் அப்படியும் செய்கிறார்கள். அது தவறு, அடுத்த முறை காப்பாற்ற அங்கே எதுவும் இருக்காது. பயிற்சி இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு போர்டைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கன்டென்சரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். இத்தகைய போர்டுகள் பலவற்றில் 5 வோல்ட் பகுதியே மின்சார லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும், தொட்டாலே ஆபத்து. இது தெரிந்தவர் கையில் நடக்க வேண்டிய வேலை. அப்படித் தெரிந்தவர்கள், எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலும் சிறு நகரங்களின் கடைத்தெருக்களிலும் இருக்கவே செய்கிறார்கள். அவர்கள் கைக்குப் போர்டு போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லா போர்டையும் பிழைக்க வைக்க முடியாது. போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப் போய்விட்டால், அதில் எழுதப்பட்ட புரோகிராம் கிடைக்காத நிலையில், மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான பழுதுகள் மின்சாரம் நுழையும் பகுதியில்தான்: உப்பிப்போன கன்டென்சர், விட்டுப்போன சால்டர், போர்டில் பதிந்த செம்புப் பாதையான டிராக் கருகிப்போவது, கரப்பான் பூச்சி புகுந்து ஏற்பட்ட ஷார்ட்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழுவை அமைத்தது, வீட்டு உபயோக மின்சாதனங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கம்தான். ஆனால் அதில் வாடிக்கையாளர் சேவை எண்ணும் கையேடும் கிடைப்பது, வேலை தெரிந்த மெக்கானிக்குக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வாஷிங் மெஷின் தயாரிப்பாளர்கள் போர்டு உள்ளிட்ட உதிரி பாகங்களை, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு, தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். இணைப்பு வரைபடங்களையும் கேட்டால் தர வேண்டும். என் தந்தை வாங்கிய ரேடியோவோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் முழு சர்க்யூட்டும் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

நாகப்பட்டினத்து உப்புக் காற்றில் வாழ்பவன் என்ற முறையில், பிசின் ஊற்றுவதே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அது போர்டுக்குக் கவசம். ஃப்யூஸையும் வேரிஸ்டரையும் மட்டும் பிசினுக்கு வெளியே, தனி மூடிக்குள் கழற்றி மாற்றும்படி வைத்தால் போதும். அதுவரை, போர்டை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு சர்வீஸ் ஊழியரும் எழுத்தில் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். எந்தப் பகுதியில் பழுது, எந்தச் சோதனையில் அது தெரிந்தது, பழைய போர்டு உரிமையாளரிடம் திருப்பித் தரப்பட்டதா என்ற மூன்று விவரங்கள் அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
நாகப்பட்டினம்.